பெட்டி கட்டியாச்சு, பல்லைப் பார்த்தாச்சா?

கும்பகோணத்திலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மகள் அமெரிக்காவில் இருக்கிறாள், தலைப்பிரசவம். முன்பெல்லாம் பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவாள். இப்போது தாய்வீடே விமானம் ஏறிப் போக வேண்டியிருக்கிறது! "நானும் அவரும் ஆறு மாசம் இருந்துவிட்டு வரலாமென்று இருக்கிறோம். எடுத்துப் போக வேண்டியதையெல்லாம் பட்டியல் போட்டிருக்கிறேன். விட்டுப் போனது இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

பட்டியலைப் படித்தேன். லேகியத்துக்கு மருந்துச் சாமான், வசம்பு, சுக்கு, பூண்டு ஊறுகாய், மாவடு, குழந்தைக்கு விரிக்கப் பழைய வேட்டித் துணி, அரைஞாண், பாலாடை... எண்ணிப் பார்த்தால் நாற்பத்தோரு சாமான். ஒன்றைக்கூடக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முக்கியமான ஒன்று விட்டுப் போயிருக்கிறது அம்மா. உங்கள் வாயில் இருக்கிற முப்பத்திரண்டு பல்! (அறுபது வயசில் முப்பத்திரண்டும் இருக்குமா என்று கேட்காதீர்கள். இருக்கிறவரைக்கும் கணக்கு.)

சிரிக்க வேண்டாம். பட்டவள் சொல்கிறேன்.

2018-ல் என் மகளின் இரண்டாவது பிரசவத்துக்கு நானும் நியூஜெர்சி போனேன். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே வலது பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்றது. வீட்டில் அவர், "ஒரு நடை டாக்டர்கிட்டே காட்டிட்டு வந்துடேன்" என்றார். எங்கே நேரம்? வடாம் பிழிய வேண்டும், பொடி இடிக்க வேண்டும், மாப்பிள்ளைக்குப் பிடிக்குமே என்று அதிரசம் சுட வேண்டும். "போயிட்டு வந்து பார்த்துக்கலாம்" என்றேன். இந்த ஒரு வார்த்தைக்கு நான் கொடுத்த விலையைத்தான் சொல்லப் போகிறேன்.

விமானம் மேலே ஏற ஏற அந்தப் பல்லில் ஊசி குத்துவது போல ஒரு வலி. ஏதோ காற்று என்று நினைத்தேன். உண்மையிலேயே காற்றுதான்! சொத்தைக்குள்ளோ, சரியாக அடையாத சிமெண்டுக்கு அடியிலோ கொஞ்சம் காற்று மாட்டிக்கொண்டிருந்தால், உயரே போகும்போது வெளியே காற்றழுத்தம் குறைய, உள்ளே இருக்கிற காற்று விரிந்து நரம்பை அழுத்துமாம். இதைப் பிற்பாடுதான் ஒரு டாக்டர் சொன்னார். இறங்கியதும் வலி போய்விட்டது, நானும் மறந்துவிட்டேன்.

இரண்டாவது மாதம், ஒரு ராத்திரி, விண் விண்ணென்று ஆரம்பித்தது. மகளுக்கு அப்போது நிறை மாதம். மாப்பிள்ளை காலையில் ஏழு மணிக்குக் கிளம்பினால் ராத்திரிதான் வருவார். அங்கே பல் டாக்டரிடம் போனாலே ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும் என்று போன முதல் வாரமே காதில் விழுந்திருந்தது. நான் உதவி பண்ண வந்தவள். செலவு வைக்க வந்தவளா? வாயைத் திறக்கவில்லை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு கிராம்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உப்புத் தண்ணீர் கொப்பளிப்பேன். பகலில் இடது பக்கமாகவே மென்றேன். என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. எட்டு நாள் இப்படியே ஓடியது.

ஒன்பதாவது நாள் காலையில் கண்ணாடியைப் பார்த்தால், கன்னத்தில் கொழுக்கட்டையை அடக்கிக்கொண்ட மாதிரி வீக்கம்.

"என்னம்மா இது! எத்தனை நாளா?"

"ரெண்டு நாளாத்தான்டி. தானாச் சரியாயிடும்."

அவள் ஒன்றும் பேசாமல் அலமாரியைத் திறந்து கிராம்பு டப்பாவை எடுத்துக் காட்டினாள். காலி! "போன வாரம்தான் ரொப்பி வெச்சேன்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். நிறை மாதக்காரியை அழவைத்தேனே என்ற வேதனை, பல்வலியைவிடப் பெரிதாக இருந்தது. "காசு போனாப் போறது, நீ சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள். உண்மையில் நான் சொல்லாததால்தான் காசும் போயிற்று. எப்படி என்று கேளுங்கள்.

மாப்பிள்ளை எனக்குப் பிரயாண இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தார். அதைப் பார்த்தால், பல்லுக்கு ஒரே ஒரு வரி. திடீரென்று வலி வந்தால் அதைத் தணிக்கிற சிகிச்சைக்குச் சில நூறு டாலர் வரை தருவார்கள். ஆனால் வலி ஆரம்பித்து 24 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போயிருக்க வேண்டும். கம்பெனிக்கு டெலிபோன் செய்தோம். "எப்போது ஆரம்பித்தது?" என்று அந்தப் பெண் கேட்டாள். மகளிடம் கூசாமல் பொய் சொன்னவளுக்கு அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. "எட்டு நாள்" என்றேன். அவ்வளவுதான், கைவிரித்துவிட்டார்கள்.

பக்கத்துத் தெருவில் ஒரு பல் டாக்டர். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வேர் சிகிச்சை செய்து மேலே உறை போட 2,800 டாலர் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். டாலரை ரூபாயாகப் பெருக்கிப் பார்க்கிற வியாதி நம் எல்லோருக்கும் உண்டே! பெருக்கினேன், பல்வலியோடு தலைவலியும் வந்தது. படம் பார்த்ததற்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைக்கும் மட்டும் பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தோம்.

வழிகாட்டியது பக்கத்து வீட்டுக் குஜராத்தி அம்மாள். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் குஜராத்தி தெரியாது. இருந்தாலும் பல்வலி பாஷை பொதுதானே! "டென்டல் காலேஜ் போங்கள். மாணவர்கள் செய்வார்கள், புரொபசர் பக்கத்திலேயே இருப்பார், பணம் குறைவு" என்று அரை இங்கிலீஷில் சொன்னார்.

ரயிலேறிப் போனோம். மாணவர்கள் என்றதும் எனக்கு உள்ளூர உதைப்புதான். என் மூத்த பேத்தியைவிடப் பத்து வயசு கூட இருக்கும், அந்தப் பெண். ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, புரொபசரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் சரி என்றபின்தான் அடுத்ததற்குப் போனாள். சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, என்னென்ன மாத்திரை என்று முக்கால் மணி நேரம் விசாரணை. காலை ஒன்பது மணிக்குப் போனவள் வெளியே வர இரண்டு மணியாயிற்று. அவசரக்காரர்களுக்கு அது சரிப்படாது. ஆனால் என் ஊர் டாக்டர் யாரும் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை.

பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. வேரைச் சுற்றிச் சீழ் கட்டி எலும்பு அரித்துவிட்டது, எடுக்கத்தான் வேண்டும் என்று புரொபசர் சொல்லிவிட்டார். 190 டாலர் ஆயிற்று. வேர் சிகிச்சையும் பல் எடுப்பதும் ஒன்றல்ல. இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமில்லைதான். முதல் நாளே சொல்லியிருந்தால் அதே கல்லூரியில், வெளியே கேட்டதைவிடக் குறைவாக வேர் சிகிச்சையே செய்துகொண்டிருக்கலாம். கிளம்பும் முன்பே திருச்சியில் காட்டியிருந்தால் ஒன்றிரண்டு ஆயிரம் ரூபாயில் அடைத்துவிட்டிருப்பார்கள். இப்போதும் அந்த இடம் பொக்கைதான். முறுக்கு கடிக்கும்போதெல்லாம் நியூஜெர்சி ஞாபகம் வருகிறது.

அமெரிக்காவில் பல் மருத்துவக் கல்லூரி பல ஊர்களில் உண்டு. நியூயார்க்கில் நியூயார்க் பல்கலைக்கழகத்துக் கல்லூரியும் கொலம்பியாவும், நியூவர்க்கில் ரட்கர்ஸ், சிகாகோவில் இல்லினாய் பல்கலைக்கழகம், ஆன் ஆர்பரில் மிச்சிகன், சான்பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகம் என்று போகும். போய் இறங்கின வாரமே, மகள் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் எது, அவசரத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும், முன்பதிவு வேண்டுமா என்று டெலிபோனில் கேட்டு, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். வலி வந்த பிறகு தேடினால் கையும் ஓடாது, காலும் ஓடாது.

பல்வலிதானே என்று அலட்சியம் வேண்டாம், முக்கியமாகச் சர்க்கரைக்காரர்கள். பல்லில் சீழ் இருந்தால் சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறினால் சீழ் பரவும். தாடைக்கு அடியிலும் நாக்குக்கு அடியிலும் வீக்கம் இறங்குவது, வாயைத் திறக்க முடியாமல் போவது, எச்சில் விழுங்கக் கஷ்டம், குளிர் ஜுரம், மூச்சுத் திணறல்... இவற்றில் ஒன்று கண்டாலும் காலேஜும் வேண்டாம், கிராம்பும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போய்விட வேண்டும். உயிருக்கே ஆபத்தாகிற கட்டம் அது. பணம் இருக்கிறதோ இல்லையோ, எமர்ஜென்சிக்கு வந்தவரைப் பரிசோதித்து, ஆபத்தான நிலையிலிருந்து மீட்க வேண்டும் என்று அங்கே 1986-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். பில் பின்னால் வரும், அது வேறு கதை. ஆனால் இந்த அறிகுறி எதுவும் இல்லாத வெறும் பல்வலிக்கு எமர்ஜென்சி போவது வீண். பெரும்பாலும் அங்கே பல்லைத் தொடமாட்டார்கள். வலி மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் எழுதிக் கொடுத்து, 'பல் டாக்டரைப் பாருங்கள்' என்று அனுப்பிவிடுவார்கள். பில் மட்டும் கனமாக வரும். காய்ச்சல், சளி, நீர்க்கடுப்பு, சுளுக்கு போன்றவற்றுக்கு 'அர்ஜென்ட் கேர்' என்று தெருவுக்குத் தெரு சின்ன கிளினிக்குகள் இருக்கின்றன. எமர்ஜென்சியைவிடச் செலவு மிகக் குறைவு.

கைவைத்தியத்திலும் ஜாக்கிரதை வேண்டும். கிராம்புத் தைலத்தை அப்படியே ஈறில் தடவினால் புண்ணாகிவிடும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அடக்கிக்கொள்ளும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தோலை அது பொசுக்கிவிடும். நம் குரோசினில் இருக்கிற பாரசிட்டமாலுக்கு அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்று பெயர். டைலனால் என்று விற்கிறார்கள். தெரியாமல் நம் மாத்திரையையும் அந்த ஊர் மாத்திரையையும், கூடவே சளி மருந்தையும் விழுங்கினால் (சளி மருந்து பலவற்றில் அதுவும் கலந்திருக்கும்) ஈரலுக்குக் கேடு. ஆஸ்துமாக்காரர்கள் இழுக்கிற சால்பியூட்டமாலுக்கு அங்கே ஆல்பியூட்டரால் என்று பெயர். சர்க்கரை மாத்திரை கிளிபென்கிளமைட் அங்கே கிளைபுரைட் ஆகிவிடும். ஆகவே டாக்டரிடம் மருந்துக் கடைப் பெயரில் மட்டும் எழுதி வாங்காமல், மருந்தின் ரசாயனப் பெயரையும் அளவையும் இங்கிலீஷில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரைகளை அட்டையோடு, பெட்டியோடு எடுத்துப் போக வேண்டும். டப்பாவில் கொட்டிக் கலந்துகொண்டு போகாதீர்கள். சொந்த உபயோகத்துக்குத் தொண்ணூறு நாளைக்கு மேற்படாமல் கொண்டுபோவதுதான் அங்கே பொதுவான கணக்கு. ஆறு மாதம் தங்குகிறவர்கள் மிச்சத்தைப் பின்னால் வீட்டிலிருந்து அனுப்பச் சொல்லலாம். பார்சலோடு மருந்துச் சீட்டு, டாக்டர் கடிதம், பாஸ்போர்ட், விசா நகல்கள் இருக்க வேண்டும். இன்சுலின் கைப்பையில்தான். அடியில் போடும் பெட்டியில் வைத்தால் உறைந்து கெட்டுப்போகும்.

பிள்ளை கனடாவிலோ லண்டனிலோ இருந்தால் சர்க்கரைக் கணக்கே வேறு. அங்கே 10 என்று காட்டினால் நம் ஊர்க் கணக்கில் 180. பதினெட்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். டாலரைப் பெருக்குகிறோமே, இதையும் பெருக்கலாம்!

இன்ஷூரன்ஸ் விஷயத்தை மாப்பிள்ளையிடமோ பிள்ளையிடமோ விட்டுவிடாமல், நீங்களும் கூட உட்கார்ந்து படியுங்கள். விருந்தாளியாகப் போகிறவர்களுக்கு இரண்டு ஜாதிப் பாலிசி உண்டு. ஒன்றில், இந்தச் சிகிச்சைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை போட்டிருக்கும். அதற்கு மேல் எவ்வளவு ஆனாலும் நம் தலையில். சந்தா குறைவாக இருக்கிறதே என்று பலர் அதில்தான் ஏமாறுகிறார்கள். மற்றதில், முதலில் ஒரு தொகை நாம் கட்டினால் அதற்கு மேல் பெரும் பங்கைக் கம்பெனி கட்டும். சந்தா கூடுதல்தான். இருந்தாலும் அறுபதைத் தாண்டியவர்கள் அதைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். முன்பே இருக்கிற வியாதிக்குப் பொதுவாக எதிலும் பணம் கிடையாது. திடீரென்று முற்றினால் மட்டும் சிலவற்றில் உண்டு, அதற்கும் வயசு வரம்பு போட்டிருப்பார்கள். சர்க்கரை, கொதிப்பை மறைத்து எழுதாதீர்கள். பில் போடும் நேரத்தில் பழைய மருந்துச் சீட்டைத் தோண்டி எடுத்துவிடுவார்கள்.

பில் என்றதும் ஒன்று. இன்ஷூரன்ஸ் இல்லாதவர்கள் தேதி குறித்துச் செய்துகொள்ளும் சிகிச்சைக்கு, 'எவ்வளவு ஆகும்?' என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கும் உரிமை 2022 முதல் அங்கே சட்டமாகவே இருக்கிறது. எழுதித் தந்ததைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் தகராறு செய்யவும் வழி உண்டு. ஆஸ்பத்திரிப் பில் வந்தால் உடனே கட்டிவிடாமல் இனவாரியாகக் கேளுங்கள். லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரிகள், வசதியில்லாதவர்களுக்கு என்ன சலுகை என்று எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதும் அங்கே சட்டம். மெத்தென்று கேட்டால் தவணைக்கும் ஒப்புக்கொள்வார்கள். கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிற நாம் இதற்கு மட்டும் ஏன் கூச வேண்டும்?

இனி, கிளம்பும் முன். மூன்று மாதம் இருக்கும்போதே பல் டாக்டரிடம் போய்விடுங்கள். வேர் சிகிச்சைக்கு இரண்டு மூன்று தடவை கூப்பிடலாம், உறை தயாராக ஒரு வாரம் ஆகலாம். பெட்டி கட்டுகிற வாரத்தில் போனால் பாதி வேலையோடுதான் விமானம் ஏறுவீர்கள். எலும்பு தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிற பெண்கள், பல் எடுக்கும் முன் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த மருந்தால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்களும் அப்படியே. சொல்ல வேண்டும், ஆனால் தாங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. பல் எக்ஸ்ரே படத்தை போனில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் போட்டிருந்த பழைய அடைப்பு எந்த வருஷத்தது என்று அந்த மாணவி கேட்டபோது திருதிருவென்று விழித்தேன்.

மகளுக்கும் ஒரு வார்த்தை. அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு ஆபீஸில் பல் இன்ஷூரன்ஸ் தனியாகத் தருகிறார்கள். ஆனால் வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று ஓர் எல்லை இருக்கும், பெரிய வேலை ஒன்று செய்தாலே தீர்ந்துவிடும். அதனால்தான் லீவில் வருகிற நம் பிள்ளைகள் ஊர் டாக்டரிடம் வரிசையில் நிற்கிறார்கள். மூன்று வார லீவில் சுத்தம் செய்வது, அடைப்பது, வேர் சிகிச்சை, உறை எல்லாம் முடியும். கல்யாணம், கோயில், ஷாப்பிங் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசி வாரம் போகாமல், வந்த மறுநாளே போனால். எலும்பில் திருகாணி பொருத்திச் செய்யும் செயற்கைப் பல் மட்டும் ஒரே லீவில் ஆகிற காரியமல்ல. திருகாணி எலும்போடு சேரவே பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். 'மூன்றே நாளில் புதுப் பல்' என்று யாராவது சொன்னால், அது எல்லோருக்கும் பொருந்துமா, பின்னால் தகராறு வந்தால் அமெரிக்காவில் யார் பார்ப்பது என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். பொருத்திய திருகாணியின் கம்பெனிப் பெயரும் அளவும் எழுதி வாங்காமல் வரக் கூடாது. அது தெரியாவிட்டால் அந்த ஊர் டாக்டர் அதைத் தொடத் தயங்குவார்.

கும்பகோணம் சகோதரிக்கு இவ்வளவும் எழுதிப் போட்டேன். பதில் வந்துவிட்டது! டாக்டரிடம் போனாராம். இரண்டு சொத்தை, ஒரு பழைய அடைப்பு ஆட்டம். அவருக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துத் துணைக்குப் போன வீட்டுக்காரருக்கு மூன்று சொத்தையாம். மகளிடமும் டெலிபோனில், "எனக்கு வலின்னா அன்னிக்கே சொல்லிடுவேன், நீயும் செலவுன்னு முகம் சுளிக்கக் கூடாது" என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டாராம். இந்த ஒப்பந்தத்தை நான் 2018-ல் போட்டிருக்கலாம்.

கடிதத்தின் ஓரத்தில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார். மாமியார் கூட வருகிறாராம், அவருக்குக் கழற்றி மாட்டும் பல்செட். அதை எப்படி எடுத்துப் போவது? வாயில்தான்! தூங்கும்போது கழற்றுவதானால் தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். காகிதக் கைக்குட்டையில் சுற்றி வைத்தால் விமானத்தில் சாப்பாட்டுத் தட்டோடு அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். பழைய செட் ஒன்று வீட்டில் கிடக்குமே, அதையும் தேய்த்துக் கழுவிக் கைப்பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். புதியது உடைந்தால், ஊர் திரும்பும்வரை ரசம் சாதமாவது மெல்ல உதவும்.